நல்லதண்ணிக்கு பஸ் இருக்கிறது, வேனுக்கு முற்பணம் போடாதீர்கள்

பேராதனையில் முதுகலை படிக்கும் திருச்சி மாணவி ஒருவரின் கேள்வி இது:

"நாங்கள் ஐந்து பேர். மூவர் தமிழ்நாடு, இருவர் நேபாளம். வெள்ளி மாலை வகுப்பு முடிந்ததும் கிளம்பி சிவனொளிபாதமலை ஏறி, ஹோர்ட்டன் சமவெளியும் பார்த்துவிட்டு ஞாயிறு இரவு விடுதிக்குத் திரும்ப வேண்டும். ஆளுக்கு 12,000 ரூபாய்க்கு மேல் முடியாது. நண்பர் ஒருவர் மூலம் பேசிய ஏற்பாட்டாளர் வேனுக்கு மட்டும் 75,000 கேட்கிறார், அதில் 30,000 உடனே வங்கியில் போட வேண்டுமாம். புயலுக்குப் பிறகு ரயில் இல்லை, இரவில் ஹட்டனுக்கு மேலே பஸ் கிடையாது, வெளிநாட்டுக்காரர்கள் பஸ்ஸில் போனால் ஏமாற்றுவார்கள் என்கிறார். முற்பணம் போடலாமா?"

போடாதீர்கள் மகள். ஐந்து பேருக்கும் சேர்த்து உங்களிடம் இருப்பது 60,000. வேன் மட்டுமே 75,000. கணக்கே இடிக்கிறது. அது தெரிந்துதான் அவர் 'முதலில் 30,000 போடுங்கள், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்' என்கிறார். காசு போன பிறகு உங்களால் பின்வாங்க முடியாது, அவ்வளவுதான். ஹட்டனில் இருபது வருடத்துக்கு மேலாகப் பயண ஏற்பாடு செய்கிறேன். மாணவர்கள் காசு இழந்த கதைகளில் பாதி இந்த 'முற்பணம்' என்ற சொல்லில்தான் தொடங்கியிருக்கிறது. பற்றுச்சீட்டும் வண்டி இலக்கமும் தராதவருக்கு ஒரு ரூபாய்கூட முன்னால் போகக் கூடாது.

அவர் சொன்ன மூன்று விஷயங்களில் ரயிலைப் பற்றியது ஓரளவு உண்மை. 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயல் மலையக ரயில் பாதையைப் பல இடங்களில் உடைத்துப் போட்டது. எந்த நிலையத்திலிருந்து எதுவரை ஓடுகிறது என்பதை ரயில் நிலையத்தில் கேட்டுத்தான் போக வேண்டும். இரண்டே நாள் பயணத்துக்கு நான் ரயிலைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஓடும் பகுதியில் ஏற ஆசை வந்தால், முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பு டிக்கெட்டை அன்றன்றைக்குக் கவுண்டரில் எடுங்கள். 'எல்ல' என்ற மலை ஊர்ப் பக்கம் போகும் ரயில்களின் ஆசனங்கள் இணையத்தில் திறந்த வேகத்தில் தீர்ந்து, வெளியே பல மடங்கு விலைக்குத் திரிந்ததும், அது பொலிஸ் விசாரணை வரை போனதும் ஊரறிந்த கதை. ரயில்வே திணைக்களம் இந்த ஓட்டையை எப்போதோ அடைத்திருக்க வேண்டும். யாரோ ஒருவரின் அடையாள எண்ணில் எடுத்த டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் பரிசோதகர் முன்னால் நிற்க வேண்டாம்.

இரவில் பஸ் இல்லை என்பது சீசனில் அப்பட்டமான பொய். டிசம்பரில் வரும் உந்துவப் போயாவிலிருந்து (போயா என்றால் பௌர்ணமி) மே மாத வெசாக் போயா வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம். அந்த மாதங்களில் ஹட்டனிலிருந்து மலையடிவார ஊரான நல்லதண்ணிக்கு இ.போ.ச. (அரசு) பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் இரவிலும் ஓடும். வார இறுதியில் ஆள் நிறைந்ததும் எடுத்துவிடுவார்கள்.

ஹட்டனில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதுகில் பையோடு இறங்குகிறீர்கள். ஒருவர் பக்கத்தில் வந்து, கையிலிருக்கும் போனைப் பார்த்துக்கொண்டே, "கடைசி பஸ் இப்பதான் போச்சு, அஞ்சு பேர்னா வேன் ஒண்ணு இருக்கு" என்பார். பார்த்தால் மரியாதையான ஆளாக இருப்பார், தமிழும் இனிமையாகப் பேசுவார். அதே நேரத்தில் ஒரு கூப்பிடு தூரத்தில் கொண்டக்டர் "நல்லதண்ணி, நல்லதண்ணி" என்று கத்திக்கொண்டிருப்பார். போன சீசனில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் நான்கு பேர் இப்படி வேனில் ஏறுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஓடிப்போய்ச் சொல்வதற்குள் கதவு மூடிவிட்டது. பின்னால் நின்ற பஸ்ஸில் பாதி ஆசனம் காலி. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பஸ் இருக்கிறதா என்று தரகரிடம் கேட்காதீர்கள். பஸ் நிலையத்துக்குள் போய் நேரக்காப்பாளரிடம் கேளுங்கள். அவர் இல்லையென்றால் பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். உங்களுக்குத் தமிழ் தெரியும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா முழுக்க நம் சனம், வழி கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள்.

வெளிநாட்டுக்காரரை ஏமாற்றுவார்கள் என்பதற்கு வருகிறேன். சாதாரண பஸ்ஸுக்கு வெளிநாட்டுக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. பக்கத்து ஆசனத்துக்காரர் கொடுப்பதைத்தான் நீங்களும் கொடுக்க வேண்டும். ஏறியதும் டிக்கெட் கேட்டு வாங்குங்கள். அதிகமாக எடுத்தால் முறைப்பாடு செய்யலாம்தான், ஆனால் யாரிடம் என்பதே ஒரு புதிர். மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் தனியார் பஸ் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955. மாகாணத்துக்குள் ஓடினால் மாகாண அதிகாரசபை. இ.போ.ச. என்றால் டிப்போ. நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்த பயணி முதலில் பஸ்ஸின் சாதகத்தைப் பார்த்துவிட்டா போன் எடுப்பார்? எல்லா முறைப்பாட்டையும் ஒரே இலக்கத்தில் கேட்க இத்தனை வருடமாக அதிகாரிகளுக்கு முடியவில்லை. நேபாள நண்பர்களை மட்டும் தனியாக முன்னால் அனுப்பாமல், ஐந்து பேருக்குமான டிக்கெட்டை நீங்களே தமிழில் கேட்டு எடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

சரி, எப்படிப் போவது? வெள்ளி மாலை பேராதனையில் நின்று ஹட்டன் பஸ்ஸை மறித்தால் நின்றுகொண்டுதான் போக வேண்டியிருக்கும். எதிர்ப்பக்கமாகக் கண்டிக்குப் போய் பஸ் நிலையத்திலேயே ஏறினால் உட்கார்ந்து போகலாம். நேரே நல்லதண்ணிக்குப் போகும் சீசன் பஸ் இருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள். இல்லாவிட்டால் கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டன், அங்கே மாறி நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி. பத்து, பதினொரு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். சில மணி நேரம் முதுகு சாய்க்கவும் பை வைக்கவும் ஓர் அறை போதும். அதற்கும் இங்கிருந்தே முழுக்காசு அனுப்ப வேண்டாம், போன் பண்ணிச் சொல்லிவிட்டு, போய் அறையைப் பார்த்த பிறகு கொடுங்கள்.

மலை 2,243 மீட்டர். ஐயாயிரத்துக்கு மேல் படிகள். உங்கள் வயதுக்கு மூன்று மணி, கூட்டமிருந்தால் நான்கு. ஒன்றரைக்கெல்லாம் ஏறத் தொடங்குங்கள். ஏறுவதற்குக் கட்டணம் கிடையாது, சீசனில் வழிகாட்டியும் தேவையில்லை. வழி நெடுக விளக்கும் கடையும் ஆட்களும் இருக்கும். வெள்ளி இரவைவிட சனி இரவில் கூட்டம் அதிகம். போயா சேர்ந்த வார இறுதியில் போகவே வேண்டாம். உச்சிக்குக் கீழே படியில் நின்றபடியே விடிந்துவிடும். வியர்த்த சட்டையோடு மேலே உட்கார்ந்தால் குளிர் எலும்புக்குள் போகும். மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் வையுங்கள், உச்சிக்குப் போனதும் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

மேலே ஏற ஏற பிளேன்டீயின் விலையும் ஏறும். அங்கே பேரம் பேசாதீர்கள். அந்தச் சீனியும் தேயிலையும் தண்ணீர் போத்தலும் ஒரு மனிதரின் முதுகில் ஏறி வந்தவை. கூடுதலாகக் கொடுக்கும் காசு அவருடைய கூலி.

சனி காலை பத்து மணிபோல் இறங்கிவிடுவீர்கள். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் பேசும், அவசரப்படாமல் இறங்குங்கள். பிறகு குளித்து, சாப்பிட்டு, ஹட்டனுக்கு பஸ், அங்கிருந்து நுவரெலியாவுக்கு இன்னொரு பஸ். கொட்டகலை தாண்டி தலவாக்கலைக்கு முன்னால் டெவன் அருவியும் சென்கிளேயர் அருவியும் வீதியிலிருந்தே தெரியும். இரவு நுவரெலியாவில் தங்குங்கள். ஞாயிறு மதியம் கண்டி பஸ்ஸில் ஏறினால் றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாக வந்து பேராதனையிலேயே இறங்கலாம். இத்தனை பஸ் கட்டணத்தையும் கூட்டினாலும் ஆளுக்கு 2,500ஐத் தாண்டாது. மிச்சம் இரண்டு இரவு அறைக்கும் சாப்பாட்டுக்கும் தாராளமாகப் போதும்.

வேன் வேண்டாம் என்பதற்குக் காசைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இந்த வார இறுதி ஏற்பாடுகளில் வெள்ளி இரவு உங்களைக் கொண்டுவந்து விடும் அதே சாரதிதான், நீங்கள் மலையில் இருக்கும்போது ஆசனத்தில் குறண்டிக் கிடந்துவிட்டு, சனி காலை மறுபடி வண்டி எடுக்கிறார். அவருக்குப் படுக்க இடம் கொடுப்பதைப் பற்றி எந்தத் தரகரும் பேசுவதில்லை. 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கெரண்டி எல்ல என்ற இடத்தில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். மலை வீதியில் அதிகாலையில் ஓடும் எந்த வண்டிக்கும், பஸ்ஸோ வேனோ, தூங்கி எழுந்த சாரதி வேண்டும். ஆகவேதான் மலையிறங்கிய பிறகு உங்களைப் பகலில் பயணம் செய்து இரவில் தங்கச் சொல்கிறேன்.

இனி ஹோர்ட்டன் சமவெளி. நான் 'பஸ்ஸில் போங்கள்' என்று சொல்ல முடியாத இடம் அது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பூங்கா வாசலுக்குப் பொதுப் பஸ் கிடையாது. ஒஹிய ரயில் நிலையத்திலிருந்து நடக்கலாம் என்று எழுதியிருப்பதை நம்பிப் போகாதீர்கள். அது 11 கிலோமீட்டர் ஏற்றம், உள்ளே சுற்று நடை வேறு 9 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ரயில் வந்து சேரும் நேரத்தில் 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பள்ளத்தை மேகம் மூடியிருக்கும். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு அங்கே வெள்ளைத் திரையைத்தான் பார்ப்பீர்கள். எனவே விடியுமுன் ஐந்து மணிக்கு நுவரெலியாவிலிருந்து வண்டியில்தான் போக வேண்டும். அப்படிப் போனால் விலையைத் தலைக்கு இவ்வளவு என்று பேசாமல் வண்டிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். போய், காத்திருந்து, திரும்புவது எல்லாம் அதில் அடங்குமா என்று கேளுங்கள். தங்கும் வீட்டுக்காரரை விட்டே பேச வைப்பது நல்லது. காசு கொடுப்பது நீங்கள் திரும்பி வந்து சேர்ந்த பிறகுதான்.

ஆனால் வண்டியைவிட நுழைவுக் கட்டணம்தான் உங்களைக் கவிழ்க்கும். வெளிநாட்டவருக்கு டொலர் கணக்கு, அதோடு சேவைக் கட்டணம், வண்டிக்குக் கட்டணம், வரி. எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்பது கவுண்டரில் நிற்கும்போதுதான் புரிகிறது. மொத்தத் தொகையை ஒரு பலகையில் தெளிவாக எழுதி வைக்க எத்தனை ரூபாய் செலவாகும்? இங்கேயே படித்து, இங்கேயே வாடகை கொடுத்து வாழும் பிள்ளைகளையும் ஒரு வாரம் வந்துபோகும் உல்லாசப் பயணியையும் ஒரே வரிசையில் நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. என்றைக்காவது போவதானால் வதிவிட விசா ஒட்டிய கடவுச்சீட்டின் அசலையும் மாணவர் அடையாள அட்டையையும் கொண்டுபோய், காசு கட்டுவதற்கு முன்னாலேயே காட்டி, உங்களுக்கு எந்தக் கட்டணம் என்று கேளுங்கள். கட்டிய பிறகு காட்டிப் பயனில்லை. இந்தத் தடவை சமவெளியை விட்டுவிடுங்கள். மலையேறிய மறுநாள் அதிகாலை எழுந்து ஒன்பது கிலோமீட்டர் நடக்க ஐந்து பேரில் இரண்டு பேருக்காவது கால் ஒத்துழைக்காது.

கிளம்பும் நாள் காலையில் 117க்கு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு, ஒரு போன் போட்டு நுவரெலியா, கண்டி மாவட்டங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். புயலில் இளகிய மண் இன்னும் முழுதாக இறுகவில்லை. எச்சரிக்கை இருந்தால் அந்த வாரம் போகாதீர்கள். வழியில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் 1990, இலவச அம்பியூலன்ஸ்.

அப்புறம், அந்த ஏற்பாட்டாளர் 'இடம் நிறைகிறது, இன்று இரவுக்குள் போடுங்கள்' என்று திரும்ப எடுப்பார். உங்கள் கடவுச்சீட்டின் படத்தை ஏற்கெனவே அவருக்கு அனுப்பியிருந்தால் எனக்கு உடனே எழுதுங்கள், அதற்கு என்ன செய்வது என்று தனியாகச் சொல்கிறேன். இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள்.