விபத்தில் பலத்த அடிபட்டவரை கிருஷ்ணகிரியிலிருந்து நேராக பெங்களூருக்குக் கொண்டு போவதுதானே நல்லது? ஜி.எச்.சில் நிறையப் பேர் இறந்துவிடுகிறார்களாமே?

ரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஆளை நேராக பெங்களூருக்கு ஏற்றாதீர்கள். சர்ஜன், மயக்க டாக்டர், ரத்தம், சிடி ஸ்கேன் இந்த நான்கும் ராத்திரி இரண்டு மணிக்கும் எங்கே இருக்குமோ, அதில் பக்கத்து இடத்துக்குப் போங்கள். எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிதான்.

நான் டாக்டர் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் காஷுவாலிட்டியிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் வேலை பார்த்த ஸ்டாஃப் நர்ஸ். வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வியின் இரண்டாவது பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "ஜி.எச்.சுக்குப் போனா பொணமாத்தான் வருவாங்க" என்ற பேச்சை டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன், என் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியிலும் கேட்டிருக்கிறேன். அங்கே சாவு அதிகம் என்பது பொய்யில்லை. ஆனால் அங்கே வருகிறவர்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை. கை உடைந்தவருக்குக் கொஞ்சம் வசதி இருந்தால் தனியாருக்குப் போய்விடுவார். தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரிக்கு அடியில் சிக்கியவரை 108 எங்கே கொண்டு வரும்? அதோடு இன்னொன்று. ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூவில் இரண்டு நாள் வைத்திருந்து, பணமும் தீர்ந்து, பிரஷரும் இறங்கியபிறகு "பெரிய இடத்துக்குக் கொண்டு போயிடுங்க" என்று ஏற்றிவிடுவார்கள். எங்கள் வாசலுக்குள் வந்த அரைமணியில் உயிர் போனால் அந்தச் சாவு எங்கள் ரிஜிஸ்டரில் ஏறும். அனுப்பியவர்கள் ரிஜிஸ்டரில் 'ரெஃபர்' என்று மட்டும் இருக்கும்.

இதனால்தான் விபத்து சிகிச்சையின் தரத்தை அளக்கிறவர்கள் வெறும் சாவு எண்ணிக்கையை நம்புவதில்லை. உடம்பில் எங்கெங்கே எவ்வளவு பலமான அடி என்று மார்க் போடும் முறை 1974-லேயே வந்துவிட்டது. அதே வருடம்தான் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் நினைவு எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். அதுதான் ஜி.சி.எஸ்., இப்போது 3-லிருந்து 15 வரை மார்க் போடுகிறோம். இன்றும் எங்கள் கேஸ் ஷீட்டில் ஜி.சி.எஸ். எழுதாமல் டியூட்டி டாக்டர் கையெழுத்துப் போடமாட்டார். அடியின் மார்க், வந்தபோது இருந்த பிரஷர், மூச்சு, நினைவு, வயது இதையெல்லாம் சேர்த்து, இந்த நிலையில் வந்த நூறு பேரில் எத்தனை பேர் பிழைத்திருக்க வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுவார்கள். பிறகு உண்மையில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று பார்ப்பார்கள். பிழைக்க வேண்டியவர் இறந்திருந்தால் அதுதான் ஆஸ்பத்திரியின் குறை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எந்த ஆஸ்பத்திரியையும் நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது, பளிங்குத் தரை போட்ட ஆஸ்பத்திரி உட்பட.

டெல்லி, மும்பை, கொல்கத்தா நகரங்களில் நான்கு பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 2013-லிருந்து காயம்பட்டு அட்மிட் ஆனவர்களைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். சுமார் ஐந்தில் ஒருவர் ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார். நாட்டின் பெயர்பெற்ற ஆஸ்பத்திரிகளிலேயே நிலைமை அதுதான். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் வேறு ஆஸ்பத்திரி பார்த்துவிட்டு வந்தவர்கள் என்பதையும் கவனியுங்கள். வழியில் போன நேரம் யார் கணக்கிலும் வராது.

இனி பெங்களூருக்கு வருவோம். கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர், தர்மபுரியிலிருந்து இன்னும் 45 கூட. ரோடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு. சாயங்காலம் அந்த வழியாகப் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரிய ஆள் ஒருவர் உடம்பில் மொத்த ரத்தமே 5 லிட்டர் அளவுதான். தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டுத் தெரியாமல் தொடைக்குள்ளேயே 1 முதல் 1½ லிட்டர் வரை போய்விடும். இடுப்பெலும்பு பிளந்தால் அதைவிட அதிகம். "ரத்தமே வரலையே சிஸ்டர், உள்காயம்தான்" என்பார்கள். எங்களுக்குப் பயமே அந்த உள்காயம்தான்.

ஒரு கேஸ் சொல்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கத்துப் பையன், பைக்கில் வந்தவனை மினி லாரி தட்டிவிட்டது. ராத்திரி பத்துமணி வாக்கில் வந்தான். பிரஷர் 80-க்குக் கீழே, நாடி ஓடுகிறது, வயிறு கல்லு மாதிரி. பேன்ட்டைக் கத்தரித்துவிட்டு, இடுப்பு ஆடுகிறது என்பதால் பெட்ஷீட்டை நீளவாக்கில் மடித்து இடுப்பைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டோம். இரண்டு கையிலும் பெரிய ஊசி. அதற்குள் அவன் மச்சான் வந்துவிட்டார். வெளியே கார் ரெடியாக நிற்கிறது.

"சிஸ்டர், பெங்களூர்ல நம்ம ஆளு ஒருத்தரு இருக்காரு, பேசியாச்சு. எழுதிக் குடுத்துடறோம், ஒரு ஊசி மட்டும் போட்டு அனுப்பிவிடுங்க."

டியூட்டி சர்ஜன் சின்னப் பையன்தான், மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தவர். வாதாடவில்லை. மச்சானைக் கூப்பிட்டு அடிபட்டவன் பாதத்தைத் தொடச் சொன்னார். "எப்படி இருக்குங்க?" "ஜில்லுனு இருக்குது சார்." "அங்க போக ரத்தம் இல்ல. இந்த நிலைமையில காருல ஏத்தினா ஓசூர் தாண்டமாட்டாரு. உள்ள ஒடைஞ்சதை நிறுத்திட்டு அனுப்பறேன், அப்புறம் எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க." மச்சான் பேசாமல் பேனாவை வாங்கி, வேறு ஃபாரத்தில், ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார்.

தியேட்டரில் முதல் வேலை ஏசியை நிறுத்துவது. ரத்தம் இழந்தவர் உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையாது, உறையாவிட்டால் இன்னும் போகும். சர்ஜனுக்கு வியர்த்து ஒழுகினாலும் பரவாயில்லை. மண்ணீரல் பிளந்திருந்தது, எடுத்தார்கள். மற்ற இடங்களில் துணி வைத்து அடைத்தார்கள். தையல் போடாமல் வயிற்றைத் திறந்தபடியே மூடாக்குப் போட்டு ஐசியூவுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலையில் வராண்டாவில் பெரிய ரகளை: "வயித்தைக்கூடத் தைக்காம விட்டுட்டானுங்க, ஜி.எச்.னா இதான்!" தரமில்லாத வேலை என்று அவர்கள் நினைத்தது உண்மையில் நல்ல வேலை. சாகக் கிடக்கிறவனை மூன்று மணிநேரம் மேசையில் வைத்து எல்லாவற்றையும் அழகாகத் தைத்து முடித்தால் மேசையிலேயே போய்விடுவான். ரத்தத்தை மட்டும் நிறுத்து, உடம்பைச் சூடாக்கு, தேறட்டும், பிறகு வந்து மிச்ச வேலையைப் பார் என்பது 1990-களிலிருந்து உலகம் முழுக்க வந்த பழக்கம். இரண்டு நாள் கழித்து வயிற்றை மூடினார்கள். இடுப்பெலும்புக்கு பிளேட் வைக்க அவர்கள் இஷ்டப்படியே பெங்களூருக்குத்தான் போனார்கள். தாராளமாகப் போகலாம், அப்போது பிரஷர் 120.

ரத்தக்கசிவுக்கு ஒரு மலிவான மருந்து உண்டு, டிரானெக்ஸாமிக் ஆசிட். 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2010-ல் முடிவு வெளியிட்டார்கள். அடிபட்ட 3 மணிநேரத்துக்குள் கொடுத்தால் உயிர் காக்கிறது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 3 மணிநேரம் தாண்டினால் பலன் இல்லை, கெடுதல்கூட நடக்கலாம். பெங்களூர் போய் பெட் கிடைக்கும் நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதற்காக "பக்கத்து ஆஸ்பத்திரி எதுவானாலும் சரி" என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் இரண்டு பகுதிகளை ஒப்பிட்டு 1979-ல் ஒரு ஆய்வு வந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் அடிபட்டவர்கள் எல்லோரையும் ஒரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஆரஞ்ச் கவுன்டியில் பக்கத்தில் எது இருக்கிறதோ அதற்கு. தலைக்காயம் இல்லாமல் இறந்தவர்களை எடுத்துப் பார்த்தால், ஆரஞ்ச் கவுன்டியில் மூன்றில் இரண்டு பங்கு தடுத்திருக்கக்கூடிய சாவுகள். சான்ஃபிரான்சிஸ்கோவில் அப்படிச் சொல்லக்கூடியது அநேகமாக இல்லை. நம் ஊர் நெடுஞ்சாலையோர நர்சிங் ஹோமுக்கும் இது பொருந்தும். வாசலில் '24 மணிநேர விபத்து சிகிச்சை' என்று போர்டு இருக்கும், ராத்திரி சர்ஜனை வீட்டிலிருந்து ஃபோன் போட்டு எழுப்ப வேண்டும். தர்மபுரியில் 2008-ல் மெடிக்கல் காலேஜ் வந்தது, கிருஷ்ணகிரியில் 2021-ல். அதற்கு முன்பு சேலம்தான் கதி. இப்போது தமிழக அரசின் விபத்து சிகிச்சைத் திட்டத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வந்தவுடன் பிரிக்கிறார்கள், சிவப்பு என்றால் ரொம்ப அவசரம். 108-ல் வருவதில் இருக்கும் பெரிய லாபம், அவர்கள் வழியிலேயே சொல்லிவிடுவார்கள், சிவப்பில் கட்டில் தயாராக இருக்கும். காரில் மடியில் போட்டுக் கொண்டுவந்தால் யாருக்கும் தெரியாது. புளி உலுக்கப் போய் மரத்திலிருந்து விழுந்தவரை ஆட்டோ பின்சீட்டில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுவருவார்கள், முதுகெலும்புக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. தை மாசியில் எருது விடும் விழாவில் கொம்பு பட்டவர்கள் தனி ரகம். வெளியே சின்னத் துளைதான் இருக்கும். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாள் வயிறு உப்பி வருவார்கள்.

தலைக்காயத்துக்கு மட்டும் கொஞ்சம் வேறு கணக்கு. மூளை சர்ஜன் எல்லா நேரமும் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. பெங்களூரில் ஓசூர் ரோட்டிலேயே இருக்கும் மூளை நரம்பு ஆஸ்பத்திரியான நிமான்சுக்கு அனுப்ப வேண்டிய கேஸ் உண்டு. அப்போதும் மூச்சுக்குழாய், சிடி, பிரஷர் மூன்றும் இங்கேயே பார்த்துவிட்டு, அங்கே பேசி, கூட ஆள் வைத்து அனுப்ப வேண்டும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் இரண்டு மணிநேரத்தில் நினைவு தப்புவது தலைக்காயத்தில் சாதாரணம், உள்ளே ரத்தம் கட்டி மூளையை அழுத்தும். இதில் நான் பார்த்த மோசமான பழக்கம் ஒன்று: வாயில் சாராய வாடை வந்தால் "போதைல தூங்கறான்" என்று ஓரமாகப் போட்டுவிடுவது. கூட இருப்பவர்கள் சண்டை போட்டாவது சிடி எடுக்கவைக்க வேண்டும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணிநேர சிகிச்சைக்கு நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. தொடங்கியபோது வரம்பு ஒரு லட்சம். காப்பீட்டு அட்டை வேண்டாம், வேறு மாநிலத்து லாரி டிரைவரானாலும் செல்லும். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் பொருந்தும், எனவே "அட்வான்ஸ் கட்டுங்க" என்றால் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ரோட்டில் கிடந்தவரைக் கொண்டுவந்து சேர்ப்பவரை மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு காக்கிறது. பெயர்கூடச் சொல்லாமல் போகலாம்.

கடைசியாக எலும்பு. உயிர் பிழைத்தார் என்றதும் எல்லோரும் கணக்கை மூடிவிடுகிறோம். அப்படிப் பிழைத்த ஒரு மேஸ்திரி ஆறு மாதம் கழித்து சாரம் ஏறுகிறாரா என்று யாரும் எழுதிவைப்பதில்லை. எலும்பு வெளியே தெரிகிற முறிவுக்கு ஆன்டிபயாடிக் வந்தவுடன் போக வேண்டும், புண்ணைத் தியேட்டரில் கழுவ வேண்டும். இந்த இரண்டும் தாமதமானால் சீழ் பிடித்து ஒரு வருடம் வேலை போகும். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் பாதியில் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு புத்தூர் கட்டுக்குப் போகிறார்கள். தடுத்துப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் தோல் கிழிந்திருந்தால் போகவே போகாதீர்கள். போய்க் கட்டிய பிறகு விரல் நீலமானாலோ மரத்தாலோ, விரலை நீட்டினால் உயிர் போகிற வலி வந்தாலோ, கட்டை உடனே அவிழ்த்துவிட்டு அந்த ராத்திரியே காஷுவாலிட்டிக்கு வாருங்கள். காலையில் வந்தவர்களில் சிலருக்கு முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்தது.