பதினான்காம் நம்பர் எப்படி இருக்கிறது?

பவளப்பாறைகளை அளப்பது என் தொழில். கடலடியில் நான் எண் தட்டு மாட்டி வைத்திருக்கும் பவளங்களில் 14ஆம் நம்பர் வெளுத்துப்போனதைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில்.

கே: பவளப்பாறை கல்லா, செடியா, விலங்கா? எங்கள் வகுப்பு மூன்று கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது மேடம்.
– ஒன்பதாம் வகுப்பு மாணவர்

ப: விலங்குக் கட்சிதான் ஜெயித்தது தம்பி. ஆனால் மற்ற இரண்டு கட்சிக்கும் டெபாசிட் போகாது. பவளம் ஜெல்லிமீனுக்குச் சொந்தக்கார உயிர். ஒவ்வொரு குட்டி உயிருக்கும் பாலிப் என்று பெயர். பல இனங்களில் குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். தனக்கு அடியில் சுண்ணாம்பால் ஒரு கிண்ணம் கட்டி, அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். லட்சக்கணக்கான கிண்ணங்கள் சேர்ந்ததைத்தான் நாம் கல் என்கிறோம். பாலிப்பின் சதைக்குள் ஒரு நுண்பாசி குடித்தனம் இருக்கிறது. வெயிலில் அது தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு வாடகையாகப் போய்விடும். பவளத்துக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் வரை இந்த வாடகைதான். நிறமும் பெரும்பாலும் பாசியின் உபயம்.

கே: வெளுத்துவிட்டது என்றால் செத்துவிட்டது என்று அர்த்தமா? உங்கள் 14ஆம் நம்பர் பிழைத்ததா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை

ப: இந்த ஒரே கேள்வியோடு ஏகப்பட்ட கடிதங்கள். பிழைத்தது டீச்சர், ஆனால் முழுசாக இல்லை.

கோடையில் வழக்கமாகத் தொடும் உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே குடித்தனம் கெட்டுவிடும். சூட்டில் பாசி தரும் உணவோடு நச்சும் சேர்ந்து வர, பவளம் அதை வெளியே துரத்துகிறது. மிச்சம் இருப்பது கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் சதை. அதன் வழியே வெள்ளைச் சுண்ணாம்பு தெரிவதுதான் வெளுப்பு. ஆக வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல, பட்டினி கிடக்கும் பவளம். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பக் குடியேறும். தணியாவிட்டால் சாவு.

14ஆம் நம்பர் ஒரு மூளைப் பவளம். நான் அளக்க ஆரம்பித்து 11 வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் குறுக்களவு கூடியது 10 சென்டிமீட்டர். வெளுத்திருந்த சமயத்தில் ஓர் இரவு டார்ச்சோடு இறங்கினேன். பகலில் சுண்ணாம்பு உருண்டை போலக் கிடந்தது, இருட்டில் மடிப்புக்கு மடிப்பு நூல் மாதிரிக் கைகளை நீட்டி இரை தேடிக்கொண்டிருந்தது. எழுது பலகையில் 'உயிர்' என்று பென்சிலால் எழுதி இரண்டு கோடு போட்டேன். ஆறு வாரம் கழித்துப் போனபோது பக்கவாட்டில் பழுப்பு நிறம் திரும்பியிருந்தது. வெயில் நேராக விழும் உச்சிப் பகுதி, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, திரும்பவில்லை. அதன் மேல் வேறு பாசி மயிர் மயிராக முளைத்திருந்தது. கடலில் காலி மனை ரொம்ப நாள் காலியாக இருக்காது.

இது ஒரு கடலோடு நிற்கும் கதை இல்லை. உலகம் முழுக்கப் பவளங்கள் வெளுத்தது இதுவரை நான்கு தடவை: 1998, 2010, 2014 முதல் 2017 வரை, அப்புறம் 2023இல் ஆரம்பித்தது. இந்தக் கடைசித் தடவை, உலகப் பவளப்பாறைப் பரப்பில் சுமார் 84 சதவீதம் வெளுக்கும் அளவுக்குச் சூடுபட்டது.

கே: சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு கடலில் இறங்கினால் பவளம் சாகும் என்கிறார்களே, உண்மையா?

ப: சன்ஸ்கிரீனில் இருக்கும் ஆக்சிபென்சோன் போன்ற சில ரசாயனங்கள் இளம் பவளங்களைப் பாதிப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். பசிபிக் தீவு நாடான பலாவு 2020இலும் ஹவாய் 2021இலும் அவற்றுக்குத் தடை போட்டன. நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்குகிறேன், பிரச்சினை முடிந்தது. ஆனால் களிம்பை மாற்றியதோடு கடமை தீர்ந்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

கே: எங்கள் நிறுவனம் சமூகப் பணியாகப் பவளம் நட விரும்புகிறது. பழைய டயர்களைக் கட்டிக் கடலில் இறக்கினால் அதன் மேல் பவளம் வளருமா? ஊழியர் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பவளம் நடலாமா?
– ஒரு மேலாளர்

ப: டயரை மட்டும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். 1970களில் ஃபுளோரிடாவில் ஃபோர்ட் லாடர்டேல் அருகே இதே எண்ணத்தில் சுமார் 20 லட்சம் டயர்களைக் கடலில் போட்டார்கள். ஆஸ்போர்ன் ரீஃப் என்று பெயரும் வைத்தார்கள். கட்டியிருந்த கட்டுகள் அறுந்தன. ஒவ்வொரு புயலுக்கும் டயர்கள் உருண்டு போய்ப் பக்கத்தில் இருந்த நிஜப் பவளங்களை இடித்தன. பிற்பாடு ராணுவ முக்குளிப்பாளர்களை இறக்கி அள்ள வேண்டியதாயிற்று.

நடுவது வேறு. அதில் நல்ல வேலைகள் நடந்திருக்கின்றன. டேவிட் வாகன் என்ற ஆய்வாளர் தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்ட பவளத்தைப் பிடுங்கப் போய் அது தவறுதலாக நொறுங்கியது. செத்துவிடும் என்று அவர் கைவிட்ட துணுக்குகள் வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக வளர்ந்தன. இன்று பல இடங்களில் பெரிய பவளங்களை இப்படிச் சில்லுகளாக வெட்டித்தான் வளர்க்கிறார்கள். இந்தோனேசியாவின் சுலவேசிப் பக்கம் வெடி வைத்து மீன் பிடித்ததில் பாறைகள் சரளைக்கல்லாகிக் கிடந்தன. அதன் மேல் மணல் பூசிய இரும்புச் சட்டங்களை வலை போலப் பரப்பி, பவளக் கிளைகளைக் கட்டினார்கள். நான்கு வருடத்தில் வளரும் வேகம் ஆரோக்கியமான பாறைகளின் அளவை எட்டிவிட்டது. அங்கே அது பலித்ததற்குக் காரணம், கெடுத்தது வெடி, வெடி நின்றுவிட்டது.

சூடு அப்படி நிற்கவில்லையே. 2023 ஜூலையில் ஃபுளோரிடாவில் ஆழமில்லாத ஒரு குடாவில் தண்ணீரின் வெப்பம் 38.4 டிகிரி. காய்ச்சல் வந்த உடம்பின் சூடு அது. நாற்றங்காலில் வருடக்கணக்காக வளர்த்த பவளங்களை வாளி வாளியாகக் கரைக்குத் தூக்கி வந்து தொட்டிகளில் வைத்துக் காப்பாற்றினார்கள். தூக்க முடியாமல் கடலில் விட்டவை எத்தனையோ செத்தன.

அதனால் உங்களிடம் நான் கேட்பது, நட்ட அன்று எடுக்கும் படம் இருக்கட்டும், மூன்று வருடம் கழித்து எண்ணிப் பார்க்கப் பணம் ஒதுக்குவீர்களா? ஒதுக்குவீர்கள் என்றால் தாராளமாக நடுங்கள். பெயர்ப் பலகை வேண்டாம். அதன் மேலும் பாசிதான் வளரும்.

கே: பாதுகாப்பு என்று சொல்லி மீனவர்களைத் துரத்துவதுதானே நடக்கிறது?

ப: நடந்திருக்கிறது. மறுக்க மாட்டேன். ஆனால் மெக்சிகோவின் காபோ புல்மோவைப் பாருங்கள். அங்கே மீன் குறைந்து போனதைக் கண்டு, மீன்பிடியை நிறுத்த வேண்டும் என்று நின்றது அந்த மீனவக் குடும்பங்களே. 1995இல் அது தேசியப் பூங்கா ஆனது. காவலும் பெரும்பாலும் அவர்கள்தான். 1999இலிருந்து 2009க்குள் அங்கிருந்த மீன்களின் மொத்த எடை 463 சதவீதம் கூடியது. இப்போது முக்குளிக்க வருகிறவர்களை அழைத்துப் போவதில் அவர்களுக்கு வருமானம்.

இன்னொன்று. எந்த மீனைப் பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். கிளிமீன் நாள் முழுக்கப் பாறையைச் சுரண்டிப் பாசி தின்கிறது. தண்ணீருக்கடியில் அந்தக் கறுக் கறுக் சத்தம் தெளிவாகக் கேட்கும். தின்ற சுண்ணாம்பு பின்பக்கம் வெள்ளை மணலாக வரும், என் முகக் கண்ணாடியிலேயே பலமுறை கொட்டியிருக்கிறது. இந்தத் துப்புரவுக்காரர்களை எடுத்துவிட்டால் பாசி பவளத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கரீபியனில் 1983, 84இல் ஏதோ நோயில் நீளமுள் கடல் முள்ளெலிகள் பத்தில் ஒன்பதுக்கு மேல் செத்தன. உடம்பெல்லாம் முள் உள்ள இந்தக் கடல் உயிர்களும் பாசி தின்பவை. பாசி தின்னும் மீன்களை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்த இடங்களில் பவளம் இன்றுவரை முழுசாக மீளவில்லை. பெலிஸ் நாடு 2009இல் கிளிமீன் பிடிக்கவே தடை போட்டதற்கு இதுதான் காரணம்.

கே: தீவுகளில் எலி ஒழித்தால் பவளத்துக்கு நல்லது என்று எங்கோ படித்தேன். விளையாட்டுக்கு எழுதியதா?

ப: இல்லை, எனக்கு ரொம்பப் பிடித்த கண்டுபிடிப்புகளில் ஒன்று. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளில் சிலவற்றில் கப்பலோடு வந்த எலி உண்டு, சிலவற்றில் இல்லை. எலி கடற்பறவையின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். எலி இல்லாத தீவுகளில் பறவைகள் 760 மடங்கு நெருக்கமாக இருந்தன. பறவை எச்சம் மழையில் கரைந்து கடலுக்குப் போகிறது; அந்தச் சத்தில் பாறை மீன்கள் கொழிக்கின்றன. எலி இல்லாத தீவைச் சுற்றி மீன்களின் மொத்த எடை 48 சதவீதம் அதிகம் என்று 2018இல் வெளியிட்டார்கள். சரி, அப்படியானால் சாக்கடையும் சத்துதானே என்று அடுத்த கடிதம் வேண்டாம். அது வேறு அளவு, வேறு சரக்கு. சாக்கடையில் பவளம் மூச்சு முட்டித்தான் போகும்.

கே: நகையில் பதிக்கும் சிவப்புப் பவளமும் இந்தப் பாறையும் ஒன்றா?

ப: ஒன்றல்ல. அது மத்திய தரைக்கடல் போன்ற இடங்களில், வெளிச்சம் குறைந்த ஆழத்தில் வளரும் வேறு இனம்; பாறை கட்டாது. ஆனால் அதுவும் மிக மெதுவாக வளர்வது, அளவுக்கு மீறி எடுக்கப்பட்டது.

கே: உண்மையைச் சொல்லுங்கள் மேடம், என் பேத்தி பவளப்பாறையைப் பார்ப்பாளா?

ப: தொழிற்புரட்சிக்கு முன் இருந்ததைவிடப் பூமி 1.5 டிகிரி சூடானால் 70 முதல் 90 சதவீதப் பவளப்பாறைகளும், 2 டிகிரி என்றால் 99 சதவீதத்துக்கு மேலும் போய்விடும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2018இல் சொன்னது. அந்த அரை டிகிரியில்தான் உங்கள் பேத்தி பார்க்கப் போவதும் பார்க்காததும் இருக்கிறது. அது நிலக்கரியும் பெட்ரோலும் சம்பந்தப்பட்ட கணக்கு. கடலுக்குள் இறங்கி நான் தீர்க்க முடியாதது. மீனும் சாக்கடையும் நங்கூரமும் பாறைக்குத் தெம்பு தருகிற அல்லது எடுக்கிற விஷயங்கள். தெம்புள்ள பாறை வெளுத்தாலும் சீக்கிரம் தேறுகிறது. அதற்காகத்தான் இந்த வேலையை விடாமல் செய்கிறேன்.

போன வாரம் 14ஆம் நம்பரைப் பார்த்தேன். செத்த உச்சியில், கிளிமீன் சுரண்டி விட்டிருந்த இடத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு இளம் பவளம் ஒட்டியிருக்கிறது. எந்த இனம் என்று சொல்ல இன்னும் ஒரு வருடமாவது ஆகும். பலகையில் '14-அ' என்று குறித்துக்கொண்டு மேலே வந்தேன்.