ஜப்பானில் தனியார் ரயில் கம்பெனிகள் எப்படி லாபத்தில் ஓடுகின்றன?

டிக்கெட் காசை மட்டும் நம்பி அவர்கள் ரயில் விடவில்லை. அதுதான் சுருக்கமான பதில். விளக்கமாகச் சொல்ல, நான் குடியிருக்கும் இகேதா ஸ்டேஷனையே எடுத்துக்கொள்கிறேன்.

இகேதா, ஒசாகாவுக்கு வடக்கே ஹான்க்யூ கம்பெனியின் தகராசுகா லைனில் இருக்கிறது. நகரத்து முனையமான உமேதாவுக்கு 15.9 கி.மீ., எக்ஸ்பிரஸில் ஏறினால் இருபது நிமிடம் போல ஆகும். மேம்பாலத்தின் மேல் ஒரே நடைமேடை, அதன் இருபக்கமும் ஒவ்வொரு தண்டவாளம், பாலத்துக்கு அடியில் கடைகள். பார்வைக்குச் சாதாரண ஸ்டேஷன்தான். ஆனால் நீங்கள் கேட்கும் லாபத்தின் சூத்திரம் முதன்முதலில் பலித்தது இந்த ஊரில்.

இந்த லைன் 1910 மார்ச் 10 அன்று திறக்கப்பட்டது. அப்போது கம்பெனியின் பெயர் மினோ-அரிமா மின்சார ரயில். ஒரு முனையில் ஒசாகா, மறுமுனையில் தகராசுகா என்கிற சின்ன வெந்நீர் ஊற்று ஊர். நடுவில் பெரும்பாலும் வயல்வெளி. இதில் யார் ஏறுவார்கள் என்று பயந்து, பங்கு வாங்கவே ஆட்கள் தயங்கினார்கள். கம்பெனியை நடத்தியவர் கோபயாஷி இச்சிசோ, முன்பு மிட்சுய் வங்கியில் வேலை பார்த்தவர். ரயில் வரப்போகும் வழியை அவர் இகேதா வரை நடந்தே பார்த்தார். நிலம் மலிவாகக் கிடக்கிறது, காற்றும் தண்ணீரும் சுத்தம், தண்டவாளம் போட்டதும் விலை ஏறும்; அந்த ஏற்றம் கம்பெனிக்கே வரட்டும் என்று முன்கூட்டியே நிலத்தை வாங்கிப் போட்டார்.

லைன் திறந்த அதே ஆண்டில் ஸ்டேஷனுக்கு மேற்கே முரோமாச்சி என்ற குடியிருப்பில் வீடு விற்பனை தொடங்கியது. ஒரு மனை சுமார் 330 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை கிரவுண்ட். தோட்டத்தோடு மாடி வீடு, விலை சுமார் 2,500 யென். விலையில் பத்தில் இரண்டு பங்கு முன்பணம், மீதி எட்டுப் பங்குக்கு மாதம் 24 யென் வீதம் பத்து வருடத் தவணை. ஒசாகா அன்று பஞ்சாலைப் புகையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஊர். மாதச் சம்பளக்காரன் சொந்த வீட்டைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்காத காலத்தில் இது வந்தது. முரோமாச்சிக்குள் இன்றும் நடந்து பார்க்கலாம். கட்டம் போட்டது போல நேரான தெருக்கள், நடுவே குரேஹா கோயில். பழைய வீடுகள் பல போய்விட்டாலும் தெருக்களின் அமைப்பு அப்படியே நிற்கிறது. இகேதாவுக்கு வருகிறவர்கள் நேராக நூடுல்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்விடுகிறார்கள் (உடனடி நூடுல்ஸ் 1958-ல் பிறந்ததும் இங்கேதான்). ஒரு அரை மணி நேரம் இந்தத் தெருக்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீடு வாங்கியவன் தினமும் வேலைக்கு இந்த ரயிலில்தான் போயாக வேண்டும். ஆனால் காலையில் நகரத்துக்கு நிரம்பிப் போகும் வண்டி திரும்பும்போது காலியாக வரும், விடுமுறை நாளில் இரண்டு பக்கமும் காலி. அதற்குத்தான் மறுமுனையான தகராசுகாவில் 1914-ல் பெண்கள் மட்டுமே நடிக்கும் இசை நாடகக் குழுவை மேடையேற்றினார். அந்தக் குழு இன்றும் அரங்கை நிறைக்கிறது. நகரத்து முனையில், 1929-ல், உமேதா ஸ்டேஷனிலேயே பல்பொருள் அங்காடி திறந்தார். அதன் சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றி இங்கே எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. பொருளாதாரம் படுத்த அந்தக் காலத்தில் சிலர் வெறும் சோறு மட்டும் வாங்கி, மேசையில் இருக்கும் சாஸை ஊற்றிச் சாப்பிட்டார்கள். அவர்களை விரட்டாமல், சோறு மட்டும் வாங்குவோரும் வரலாம் என்று அறிவிப்பு வைத்தாராம் கோபயாஷி. இன்று கையில் காசில்லாதவர்கள் நாளை குடும்பத்தோடு வருவார்கள் என்பது அவர் எண்ணம். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போனது இந்தக் கதையால்தான்.

இன்னொன்று, வெளியூர்க்காரர்கள் கவனிக்காதது: சீசன் டிக்கெட். பெரும்பாலான அலுவலகங்களில் அதற்கான பணத்தை முதலாளியே கொடுத்துவிடுவார். மாதம் 1,50,000 யென் வரை அந்தத் தொகைக்கு வருமான வரியும் கிடையாது. சீசன் செல்லுபடியாகும் காலம் முழுக்க, நடுவில் எந்த ஸ்டேஷனிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஏதாவது வாங்க வேண்டுமென்றால், என் சீசன் எனக்குச் செலவில்லாமல் என்னை உமேதாவில் கொண்டுபோய் விடுகிறது. கதவு திறந்ததும் எதிரே நிற்பது ஹான்க்யூவின் கடை. பயணத்துக்கு அலுவலகம் பணம் கட்டிவிட்டது, நான் கடையில் பணம் கட்டுகிறேன், இரண்டும் ஒரே குழுமத்துக்குப் போய்ச் சேருகின்றன.

டோக்கியோவில் டோக்யூ போன்ற கம்பெனிகள் பிறகு இதே வழியில் நடந்தன. கோபயாஷியே அங்கும் ஆலோசனை சொன்னார்.

ஆனால் எல்லாத் தனியார் ரயிலும் செழிக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய தனியார் கம்பெனிகள் என்று இங்கே கணக்கில் வருபவை 16. நகரம் எட்டாத மாவட்டங்களில் ஓடும் சின்ன லைன்களுக்கு இந்தச் சூத்திரம் உதவாது. மக்கள்தொகை குறையும் அந்த ஊர்களில் பல லைன்கள் உள்ளாட்சிகளின் உதவியில்தான் ஓடுகின்றன, சில மூடப்பட்டும்விட்டன.