பலருடைய நன்மைக்காக ஒருவரின் உரிமையைப் பறிக்கலாம் என்கிறதா பயன்பாட்டுவாதம்?

எல்லாருக்கும் சேர்த்துப் பார்த்தால் எது அதிக நன்மை தருகிறதோ அதுவே சரியான செயல் என்பதுதான் பயன்பாட்டுவாதம். இதில் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரையும் ஒன்று, கொழுந்து பறிப்பவரும் ஒன்று. சமத்துவம் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

சிக்கல் உரிமையில்தான். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து லயம் ஒன்றை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, நினைத்துக்கொள்ளுங்கள், இருபது காம்பிரா (வீடு). வெயில் காலத்தில் பீலியில் (தண்ணீர் பிடிக்கும் குழாயில்) தண்ணீர் நூலாக வடிகிறது. கடைசிக் காம்பிராவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கூடும். செய்யலாமா? பயன்பாட்டுவாதத் தத்துவவாதி ஜோன் ஸ்டுவர்ட் மில் 1861இல் எழுதியதைப் பொருத்திப் பார்த்தால், கூடாது. பாதுகாப்பு என்பது சோறு மாதிரி, அது இல்லாமல் யாராலும் வாழ முடியாது. இன்று ஒரு வீட்டை விலக்கலாம் என்றால், நாளை யார் வீடு என்ற பயம் இருபது வீட்டிலும் குடியேறிவிடும். அதனால்தான் சிலவற்றை உரிமை என்று சமூகமே காக்க வேண்டும் என்றார் மில். அந்தக் காவலும் கடைசியில் பயனைத்தானே நம்பி நிற்கிறது என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான்.

பெரும்பான்மை கை தூக்கினால் போதும் என்று இதைப் பலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படியில்லை: இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டமும் பெரும்பான்மை வாக்கில்தான் நிறைவேறியது, ஆனால் அதனால் நாடற்றவர்களாகிப்போன எங்கள் மலையகத் தாத்தா பாட்டிமாரின் இழப்பையும் நிறுத்துப் பார்க்காமல் பயன்பாட்டுவாதம் அதைச் சரி என்று சொல்லாது.