கோட்டைப் படம் அசலா?

கேள்வி: ஏற்காட்டில் பழைய பங்களாச் சாமான்களோடு ஓர் அச்சுப்படம் வாங்கினேன். ஆற்றங்கரைக் கிராமம், கோட்டை, கீழே 'ஃபெசிட்' என்ற எழுத்து. 18-ம் நூற்றாண்டு டச்சுப் படமா? பழுப்புப் புள்ளிகள் வேறு.

பதில்: 'ஃபெசிட்' என்றால் லத்தீனில் 'செய்தார்'. மறுபதிப்பிலும் அது அப்படியே வரும், நம்பாதீர்கள். 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். சீரான புள்ளிக்கட்டம் தெரிந்தால் பிற்கால அச்சு. அந்தக் காலச் செப்புத்தகட்டு அச்சில் (தகட்டில் கோடு பொறித்து மை நிரப்பி எடுப்பது) கோடு அறுபடாமல் ஓடும், மை லேசாக மேடாக நிற்கும். ஈரத்தாளில் தகட்டை அழுத்துவதால் படத்தைச் சுற்றி ஒரு பள்ளமும் விழும் (ஓரம் வெட்டியிருந்தால் போயிருக்கும்). வெளிச்சத்தில் பிடித்தால் நெருக்கமான கோடுகளும், குறுக்கே சுமார் 2.5 செ.மீ.க்கு ஒரு கோடும் தெரிவது பழைய தாளின் அடையாளம். இவ்வகைக் கோட்டைக் காட்சிகளை டச்சு ஓவியர் அபிரகாம் ராடமேக்கர் (மறைவு 1735) நூற்றுக்கணக்கில் பொறித்தார்.

பழுப்புப் புள்ளிகளுக்குக் காரணம் ஈரம். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் கேட்கவே வேண்டாம். தாள் கண்ணாடியைத் தொடாதபடி இடையில் 2 மி.மீ. அமிலமற்ற மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) வையுங்கள். மழைச்சாரல் படும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். பிளீச், செலோடேப் இரண்டும் ஆகாது. சேலத்துக்குக் கொண்டுபோய் லேமினேஷன் போட்டுவிட்டால் படம் அத்தோடு சரி.