பூசாத வீட்டுக்குக் குடிபோவது – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

செட்டிநாட்டில், கண்டனூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ரோடு கான்ட்ராக்டர் ஒருவரிடம் சூப்பர்வைசர் வேலை. வாடகை கொடுத்து மாளவில்லை என்று ஆறு சென்ட் இடம் வாங்கினோம். சைட்டில் ஆட்கள் தங்குவதற்கு டயர் வைத்த தகரப் பெட்டி ஒன்று இழுத்துக்கொண்டு வருவார்களே, அந்த மாதிரிக் கழித்துப்போட்ட ட்ரெய்லர் ஒன்றை விலைக்கு வாங்கி, இடத்தில் நிறுத்தி, அதில்தான் குடும்பத்தோடு இருக்கிறோம். ஊரில் எங்களுக்கு 'ரயில்பெட்டி வீடு' என்று பெயர். இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் ஏழாவது படிக்கிறாள், சின்னவளுக்கு நான்கு வயது.

பக்கத்திலேயே வீடு கட்டுகிறோம். ஒரு கொத்தனார் வருகிறார், மற்ற வேலையெல்லாம் நானும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வது. கூரை கான்கிரீட் போட்டாயிற்று. பூச்சு இல்லை, தரை போடவில்லை, ஜன்னலுக்குச் சட்டம் மட்டும் இருக்கிறது. ஒரே ஒரு அறைக்குக் கதவு மாட்டியிருக்கிறோம். செப்டிக் டேங்க் குழியை இப்போதைக்குத் தகரம் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

ட்ரெய்லர் பயங்கரமாக ஒழுகுகிறது. எம்-சீல் வைத்தோம், தார்ப்பாய் கட்டினோம், ஒன்றும் நிற்கவில்லை. போன மழையில் பெரியவள் குடை பிடித்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினாள். அடைமழைக்கு முன்னால் புது வீட்டுக்குப் போய்விடுவோம் என்கிறாள் மனைவி. மாமனாரோ, "வேலை முடியாத வீட்டுக்குள் குடிபோனால் அந்த வேலை முடியவே முடியாது. தையில் முறையாகக் கிரகப்பிரவேசம் வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அப்படியானால் தைக்குள் நகையை வைத்தாவது ஆத்தங்குடிக் கல் பதித்துவிடலாமா? காரைக்குடியில் பழைய தேக்குக் கதவு ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்து வீடுகளைப் பற்றி நீங்கள் நிறைய எழுதுகிறீர்கள். பழைய ஆட்கள் எப்படிச் செய்தார்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

* * *

அன்புள்ள தம்பி,

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. போங்கள். புரட்டாசி கழியட்டும் என்றால் கழியட்டும், பெரியவர் மனதை நோகடிக்க வேண்டாம். ஐப்பசி பிறந்ததும் ஒரு நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடிபோய்விடுங்கள். ஐயரை அழைப்பது, ஹோமம், விருந்து எல்லாம் தையில் வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள், அவர்கள் குடும்பமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் 'வேலை முடியாத வீடு' என்று உங்கள் மாமனார் சொன்னது என்னை விடமாட்டேன் என்கிறது. போன மாதம்தான் நான் வளர்ந்த ஊருக்குப் போய், வேலையெல்லாம் முடிந்த ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

என் அம்மா ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தார். அப்பா இறந்தபிறகு எங்களுக்குக் கிடைத்த பிழைப்பு அது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. கல்யாணம், சாந்தி என்கிற அறுபதாம் கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று ஏதாவது வந்தால் சொந்தக்காரர்கள் வருவார்கள், வீடு கொள்ளாத கூட்டமாக இருக்கும். மற்ற நாட்களில் எல்லா அறையும் பூட்டு. நாங்கள் கடைசிக் கட்டில் ஓர் அறையில் இருந்தோம். எந்த வேலையும் பாக்கி இல்லாத வீடு. பர்மாத் தேக்குத் தூண், தரையெல்லாம் பளிங்கு, சுவரில் சுண்ணாம்பும் கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்து அரைத்து, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு விட்டுத் தேய்த்த பூச்சு. அந்தச் சுவரில் முகம் தெரியும். நான் அதில் பார்த்துத்தான் பொட்டு வைத்துக்கொள்வேன்.

போன மாதம் போனபோதும் அந்தச் சுவர் அப்படியே மின்னுகிறது. மேலே கூரை இல்லை.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வளவு என்பது நடுவில் வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் உள்நோக்கிச் சரிகிற ஓட்டுக்கூரை. அந்தச் சரிவுகள் ஒன்றோடொன்று சேரும் மூலைகளில் தண்ணீர் ஓடுவதற்குத் தகரத்தில் வாய்க்கால் அமைத்திருப்பார்கள். பெய்கிற மழை முழுக்க அந்த மூலைகளுக்கு வந்து, அங்கிருந்து முற்றத்துக்கு இறங்கி, சாக்கடை வழியாக வெளியேறி, பல ஊர்களில் ஊருணிக்குப் போய்ச் சேரும். நாலு மூலை வாய்க்காலும் சுத்தமாக இருக்கிறவரை அந்த வீட்டுக்கு ஆயுசு கெட்டி. பக்கத்தில் ஒரு வேப்பமரமோ புளியமரமோ இருந்து, இலை உதிர்ந்து, வாய்க்காலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் எதிர்த்து ஓட்டுக்கு அடியில் ஏறும். முதலில் ஓட்டுக்கு அடியில் இருக்கிற பட்டியல் சட்டம் நனையும். அப்புறம் அதைத் தாங்குகிற கைமரம். தேக்குக்குக் கரையான் லேசில் வராது என்பார்கள், ஆனால் வருஷக்கணக்கில் நனைந்தால் தேக்கும் உளுத்துப்போகும். ஒரு கைமரம் தொய்ந்தால் அதன்மேல் இருக்கிற நாட்டு ஓடு சரியும். சரிந்த இடத்தில் அடுத்த மழை நேராகச் சுவரின் தலையில் இறங்கும். சுண்ணாம்புச் சுவர் மேலிருந்து தண்ணீர் குடிக்க ஆரம்பித்தால் நிறுத்தாது.

இத்தனைக்கும் பரிகாரம் ஒரு துடைப்பம். ஆவணி, புரட்டாசியில் அம்மா எங்களை மாடிக்கு அனுப்பி மூலை வாய்க்காலில் இலை அள்ளச் சொல்வார். ஓடு மாற்றுகிறவர் வந்து உடைந்ததை எடுத்து, நழுவியதை ஏற்றி, இரண்டு மூன்று நாளில் முடித்துவிட்டுப் போவார். ஒரு வருஷம் அந்தக் கூலியை யார் கொடுப்பது என்று பங்காளிகளுக்குள் தகராறு. அந்த வீட்டில் எட்டுப் புள்ளி, அதாவது பங்கு உள்ள எட்டுக் குடும்பம். ஒருவர் பினாங்கில், ஒருவர் கோயம்புத்தூரில், மற்றவர்கள் சென்னையில். அவர் கொடுத்தால் நான் கொடுக்கிறேன் என்று எட்டுப் பேரும் எட்டுக் கடிதம் போட்டார்கள். அம்மா எழுதத் தெரியாதவர், பதிலெல்லாம் நான்தான் எழுதினேன். "மழை வந்துவிட்டது, சாமான் அறைக்கு மேலே ஒழுகுகிறது" என்று எழுதியதற்கு ஒருவர், சாமான் அறைப் பங்கு தன்னுடையது இல்லை என்று பதில் போட்டார். அடுத்த மழையில் அந்த அறையின் கூரை உட்கார்ந்தது. ஒரு கட்டத்தில் எங்களையும் போகச் சொல்லிவிட்டார்கள், சம்பளம் மிச்சம் என்று. அதன்பிறகு இலை அள்ளவும் ஆள் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த வீடுகளும் ஒரே மூச்சில் முடிந்தவை என்று நினைக்காதீர்கள். கானாடுகாத்தான் அரண்மனை 1912-இல் முடிந்தது, காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு 1941-இல் கட்டியது என்றெல்லாம் வருஷத்தைக் கல்வெட்டு மாதிரி ஒப்பிக்கிறோம். ஆனால் ரங்கூனிலிருந்தும் மலேயாவிலிருந்தும் பணம் வர வர வளர்ந்த வீடுகள் இங்கே நிறைய. தகப்பன் முகப்பும் வளவும் கட்டுவார், மகன் காலத்தில் மாடி ஏறும், பேரன் வந்து பளிங்கு போடுவார். 1942-இல் ஜப்பான்காரர்கள் ரங்கூனைப் பிடித்ததும் பணம் நின்றது, பல பேருடைய கட்டிடத் திட்டமும் அதோடு நின்றது. அதற்காக யாரும் தெருவில் நிற்கவில்லை, கட்டின மட்டும் குடியிருந்தார்கள்.

பழைய ஆட்கள் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டீர்களே, இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய வீட்டில் கல்யாணம் முடிந்த மகனுக்கும் மருமகளுக்கும் கிடைத்தது என்ன? வளவில் ஓர் அறை, பின்கட்டில் ஓர் அடுப்பு. 'வேறு வைப்பது' என்பார்கள். அரிசி, பருப்பு, பாத்திரம், விறகு எல்லாம் கணக்குப் பார்த்துத் தனியே கொடுத்து, இனி உங்கள் பாடு என்று விட்டுவிடுவார்கள். ஓர் அறையும் ஓர் அடுப்பும் இருந்தால் ஒரு குடும்பம் என்பதுதான் இந்த ஊர்க் கணக்கு. அந்தக் கணக்குப்படி உங்கள் வீடு எப்போதோ முடிந்துவிட்டது. உங்கள் மாமனாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். வீட்டைக் கட்டிப்பார் என்கிற பழமொழியை மட்டும் அவர் பதிலுக்கு எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள், அதை நான் போதுமான அளவு கேட்டாயிற்று.

இப்போது அந்தக் கதவு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதவுகள் எங்கிருந்து வருகின்றன? நான் மேலே சொன்ன மாதிரி வீடுகளிலிருந்துதான். இலை அள்ள ஆளில்லாமல் கூரை உட்கார்ந்தபிறகு, பங்காளிகள் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள், பிரித்து விற்பதில். 2014-இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள், அதற்கு அப்புறமும் லாரிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வாங்குவது பாவம் என்று சொல்லவில்லை. வசதி இருக்கிறவர்கள் வாங்கட்டும், மரமாவது பிழைக்கும். நீங்கள் உங்கள் மனைவியின் நகையை வைத்து வாங்கப் பார்க்கிறீர்களே, அதற்குத்தான் எனக்குக் கோபம். பழைய கதவின் அளவுக்கும் நீங்கள் விட்டிருக்கிற வாசலுக்கும் பொருந்துமா என்று அளந்தீர்களா? சுவரை இடிக்கப் போகிறீர்களா, கதவை அறுக்கப் போகிறீர்களா? ரோடு போடுகிறவர் நீங்கள், அளவு நாடா இல்லாமலா இருக்கும்?

ஆத்தங்குடிக் கல் எனக்கும் பிடிக்கும். இப்போது வேண்டாம். அது சூளையில் சுட்ட கல் இல்லை. கண்ணாடிமேல் சட்டம் வைத்து, வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் சேர்த்து அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அந்த மினுமினுப்பு கண்ணாடியிலிருந்து வந்தது. மேலே சிமெண்டுப் பாலோ பெயிண்டோ சிந்தினால் கறை உள்ளே இறங்கிவிடும், தேய்த்தால் பூவும் சேர்ந்து போகும். அதனால் பூச்சு, ஒயரிங், பெயிண்ட் எல்லாம் முடிந்து, கடைசியாகப் பதிக்க வேண்டியது. இப்போதைக்கு ஜல்லி கான்கிரீட் போட்டு மேலே சாதாரண சிமெண்டுத் தரை போதும். கல்லுக்கும் அடிக்கலவைக்குமாக இரண்டு அங்குலம் உயரம் மிச்சம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் கொத்தனாரிடம். இல்லையென்றால் கல் பதிக்கிற அன்று கதவெல்லாம் இடிக்கும்.

கையில் இருக்கிற பணத்தை வெளிச்சுவருக்குப் போடுங்கள். நாலு பக்கமும் முடியாவிட்டால் வடக்கும் கிழக்கும் முதலில். ஐப்பசி கார்த்திகை மழை வாடைப் பக்கமிருந்துதான் சாத்தும். உள்பூச்சு பிறகு, பெயிண்ட் அதற்கும் பிறகு. புதுப்பூச்சு ஒரு கோடை காய்ந்தபின் வண்ணம் அடித்தால் உரியாமல் நிற்கும். மொட்டைமாடியில் தண்ணீர் போகிற குழாய்வாயை மழைக்கு மழை போய்ப் பாருங்கள், ஏன் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கழிப்பறையாவது தாழ்ப்பாளோடு வேண்டும். கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக மின் இணைப்பிலிருந்து ஒயரை இழுத்து ஜாயிண்ட் போட்டுத் தரையில் விட்டு வைத்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். குடிபோகும்முன் எர்த்தும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி.யும் போட்டாக வேண்டும், ஈரச் சுவர், ஈரக் கால். மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லையென்றால் மூங்கிலாவது கட்டுங்கள். காலியாகிற ட்ரெய்லரில் கம்பி, பலகை வைக்கலாம், சிமெண்ட் மூட்டை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

கதவு மாட்டிய அந்த ஒரே அறையைப் பெண்களுக்குக் கொடுங்கள். நீங்களும் மனைவியும் கதவில்லாத அறையில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு படுங்கள், ஒன்றும் ஆகாது. பெரியவள் ஏழாவது படிக்கிறாள் என்கிறீர்கள். அந்த வயதில் ஒரு பெண்ணுக்குக் கதவு என்றால் என்ன என்று, பூட்டிய அறைகளுக்கு நடுவில் ஒரு மூலையில் வளர்ந்த எனக்குத் தெரியும். ஒரு பலகையும் இரண்டு செங்கலும் வைத்து எழுதுவதற்கு இடம் செய்துகொடுங்கள். விளக்கு அவள் இடது கைப் பக்கம் வரட்டும். அந்தக் குடைக்காரியை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஆனால் குடிபோவதற்கும் முன்னால், இன்றைக்கே செய்ய வேண்டியது. செப்டிக் டேங்க் குழிக்குத் தகரம் போட்டிருக்கிறோம் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான்கு வயதுக் குழந்தை ஓடுகிற இடத்தில் தகரமா? மழை பெய்தால் குழி நிரம்பும், காற்றில் தகரம் நகரும், நகராவிட்டாலும் ஒரு குழந்தையின் கனத்தை அது தாங்காது. திறந்து கிடந்த தொட்டியில் குழந்தை விழுந்த செய்தி வருஷம் தவறாமல் பேப்பரில் வருகிறது. கதவுக்கும் கல்லுக்கும் யோசிக்கிற மனுஷனுக்கு இது தோன்றவில்லையா? கம்பி கட்டிக் கான்கிரீட் மூடி போட உங்கள் கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. அது காய்ந்து ஏறுகிறவரை குழியின்மேல் சென்ட்ரிங் பலகையை நெருக்கமாக அடுக்கி, சுற்றிலும் முள்வேலி அடையுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள், நாளைக்கு லீவு போடுங்கள். மூடி போட்டதும் ஒரு வரி எழுதுங்கள். கல்லில் எந்தப் பூ, எந்த வண்ணம் என்பதையெல்லாம் அப்புறம் சாவகாசமாகப் பேசலாம்.

அன்புடன்,
அக்கா