எலும்பு ஒட்டும் பசைக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: டாக்டர் ஐயா, மிளகு பறிக்கும்போது அப்பா ஏணியிலிருந்து விழுந்து குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. வீக்கம் வடிந்ததும் பிளேட் வைக்க வேண்டும் என்கிறார்கள். மூன்றே நிமிடத்தில் எலும்பை ஒட்டும் பசை சீனாவில் வந்துவிட்டதாக யூடியூபில் பார்த்தோம். அதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?
— ஒரு மகள், ஏற்காடு

பதில்: வேண்டாம் அம்மா, தள்ளிப்போடாதீர்கள்.

மிளகு சீசன் வந்தால், மிளகுக்கொடி படரும் சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து, இதே குதிகால் உடைந்து மலை இறங்கி வருபவர்களைச் சேலத்தில் வருஷா வருஷம் பார்க்கிறேன். உயரத்திலிருந்து விழுந்து பாதம் ஊன்றினால் முதல் அடி குதிகாலுக்கு, அடுத்தது முதுகெலும்புக்கு. அப்பாவுக்கு முதுகு வலித்தால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் பார்த்த செய்தி பொய்யில்லை. செஜியாங் மாகாண மருத்துவர்கள் 2025 செப்டம்பரில் அறிவித்த ‘போன் 02’தான் அது. கடலுக்குள் பாறையைப் பற்றிக்கொள்ளும் சிப்பியைப் பார்த்துச் செய்தது. 150 பேருக்கு மேல் சோதித்திருக்கிறார்கள். ஆனால் சோதனையில் இருப்பது வேறு, நம்ம ஊர் ஆபரேஷன் தியேட்டருக்கு வருவது வேறு.

இப்படி ஒரு பசை வர இவ்வளவு காலம் ஏன் ஆனது? நம்ம சேகோ (ஜவ்வரிசி) மாவில் காய்ச்சிய பசையால் நனைந்த சுவரில் போஸ்டர் ஒட்டிப் பாருங்கள், புரியும். உடைந்த எலும்பில் ரத்தமும் கொழுப்பும் ஊறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் கடலுக்குப் போனார்கள். கலிபோர்னியா கரையில் ஒரு புழு, தண்ணீருக்குள்ளேயே மணலை ஒவ்வொன்றாக ஒட்டித் தனக்குக் கூடு கட்டுகிறது. அரை நிமிடத்தில் பசை இறுகிவிடும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் ஸ்டூவர்ட் குழு அதைப் பார்த்தே எலும்புப் பசைக்கு முயன்றது.

ஒட்டினால் மட்டும் போதாது, அதுதான் பெரிய சிக்கல். சூப்பர் க்ளூ இனத்தைச் சேர்ந்த சயனோஅக்ரிலேட் வகைப் பசையால் தோல் காயத்தை மூடுகிறோம். அதையே எலும்பின் நடுவில் வைத்தால் சுவர் மாதிரி நின்று புது எலும்பை வளரவிடாது. மூட்டு மாற்றத்தில் 1950களின் கடைசியில் இங்கிலாந்து எலும்பு டாக்டர் ஜான் சார்ன்லி கொண்டுவந்த எலும்பு சிமெண்ட்டும் பசை இல்லை, இடைவெளியை நிரப்பி இறுக்குவது. கெட்டியாகும்போது நன்றாகச் சூடேறும். நமக்கு வேண்டியது, எலும்பு கூடும்வரை பிடித்துக்கொண்டு, பிறகு கரைந்து இடம் விடுகிற பசை. போன் 02 ஆறு மாதத்தில் கரைகிறது என்கிறார்கள். ஸ்க்ரூ பிடிக்காத சிறு துண்டுகளுக்கு அது பெரிய வரம். நான் ஆசையோடு எதிர்பார்க்கிறேன். ஆனால் உடம்பு பாரம் முழுவதையும் தாங்கும் குதிகாலைப் பசையை மட்டும் நம்பி விட மாட்டேன்.

உங்களுக்கு நாள் முக்கியம். அடிபட்டு மூன்று வாரம் தாண்டினால் துண்டுகள் கோணலாகவே கூடத் தொடங்கும், நேராக்குவது கஷ்டம். காலை உயர்த்தியே வையுங்கள். குதிகாலின் வெளிப்பக்கத் தோலில் மெல்லிய சுருக்கம் திரும்பி வந்தால் வீக்கம் வடிந்துவிட்டது, கத்தி வைக்கலாம் என்று அர்த்தம். நாட்டுக்கட்டு இதற்குச் சரிப்படாது, மூட்டுப் பரப்பு உள்ளே இறங்கியிருக்கும். அப்புறம், அப்பா பீடி குடிப்பவர் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். புண் ஆறாது, எலும்பும் கூடாது.